ஃபைலை நகர்த்திவிட்டு மெர்ஜ் போட்டால் கிட் எப்படி? கோத்தகிரியிலிருந்து ஒரு ரிவ்யூ

பல பேர் சேர்ந்து எழுதுகிற புரோகிராமின் வரலாற்றைப் பதிந்துவைக்கிற கருவிதான் கிட், அதற்கெல்லாம் ரிவ்யூவா என்று கேட்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய சாமானா, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க? வேலைக்குச் சேர்ந்த அன்றே கையில் திணித்துவிடுகிறார்கள், அதோடு வாழ்க்கை ஓடுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கிட் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகப் பேச ஆள் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட வேலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் குறைவு. நான் எடுத்துக்கொண்ட வேலை இது: ஒரு பிராஞ்ச்சில் (தனியாகப் பிரிந்து ஓடும் கிளையில்) ரீஃபாக்டரிங், அதாவது புரோகிராமை ஒழுங்குபடுத்துவது, என்று ஃபைல்களைப் புது ஃபோல்டர்களுக்கு நகர்த்துகிறோம், அதே சமயம் இன்னொருவர் தன் பிராஞ்ச்சில் அதே ஃபைல்களைப் பழைய இடத்திலேயே வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார், அப்புறம் இரண்டையும் மெர்ஜ் போட்டு ஒன்றாக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மீதி ஒன்றரை எங்கே போச்சு என்பதைத்தான் நீட்டி எழுதப்போகிறேன்.

நாங்கள் செய்வது பச்சைத் தேயிலைக் கொள்முதல் சாஃப்ட்வேர். சிறு விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து தராசில் வைப்பார், ஈரத்துக்கும் முற்றின இலைக்கும் கழிவு போகும், மீதி எடை அவர் கணக்கில் ஏறும், அப்புறம் மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கிற விலையை ஒட்டிப் பணம். எல்லாம் ஜாவா. நான் கோத்தகிரியில் இருக்கிறேன், ஒரு தம்பி கூடலூரில், மற்றவர்கள் கோவையில். நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கூடலூர் பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலையில் தென்மேற்கு மழை போட்டுத் தாக்கும், எங்கள் கோத்தகிரி குன்னூர் சரிவுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் வடகிழக்கு வந்து வட்டியோடு கொட்டும். ஆக அவனுக்கு மரம் சாய்ந்து கரண்ட் போகிற மாதம் வேறு, எனக்குப் போகிற மாதம் வேறு. தினமும் மெயினை (எல்லாருக்கும் பொதுவான கிளையை) இழுத்து மெர்ஜ் செய்துகொள்ளுங்கள், பிராஞ்ச்சை வளரவிடாதீர்கள் என்று பெங்களூரில் உட்கார்ந்து அறிவுரை எழுதுகிறவர்களுக்கு இது புரியாது. எங்கள் பிராஞ்ச்சுகள் வளரத்தான் செய்யும்.

இந்த இடத்தில் கிட்டுக்கு முழு மார்க். நெட் இல்லாமல் கமிட் போடலாம் (செய்ததை வரலாற்றில் பதியலாம்), பழைய வரலாற்றைப் புரட்டலாம், ஏற்கெனவே இழுத்து வைத்த பிராஞ்ச்சை மெர்ஜ் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் கலைத்துவிடலாம், பேட்டரி தாங்குகிற வரைக்கும் யார் தயவும் வேண்டாம். முன்பு ஒரு ஆபீஸில் இதே வேலைக்கு சப்வெர்ஷன் என்ற கருவியை வைத்திருந்தோம். அதில் கமிட் போட சர்வர் எதிரே இருக்க வேண்டும், ஃபைலை நகர்த்தினால் அது ஒரு காப்பி, ஒரு டிலீட் என்றுதான் பதிவாகும், மெர்ஜ் போட்டால் ட்ரீ கான்ஃப்ளிக்ட் (கருவியால் தானே தீர்க்க முடியாத மோதல்) என்று ஒரு பூதம் கிளம்பும். பிந்திய வெர்ஷன்களில் அதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள் என்பது வேறு விஷயம். அதையெல்லாம் பார்த்தவளுக்கு கிட் சொர்க்கம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் கழித்துவிடலாம்: ஃபைலை ‘கிட் எம்வி’ போட்டு நகர்த்தினால் கிட் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். வைத்துக்கொள்ளாது. அந்த ஆணை செய்வதெல்லாம் ஃபைலை நகர்த்தி, பழைய பாதையை இண்டெக்ஸிலிருந்து (அடுத்த கமிட்டுக்கான பட்டியலிலிருந்து) எடுத்து, புதிய பாதையைச் சேர்ப்பது, அவ்வளவுதான். கமிட்டுக்குள் ‘இது அங்கிருந்து இங்கே வந்தது’ என்று எழுதிவைக்க இடமே கிடையாது. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்து மொத்த ஃபோல்டரின் படம். டிஃப் (வித்தியாசம்) பார்க்கும்போதோ மெர்ஜ் போடும்போதோதான், பழைய பக்கத்தில் காணாமல் போன ஃபைல்களையும் புதிய பக்கத்தில் புதிதாக முளைத்த ஃபைல்களையும் எதிரெதிரே வைத்து, எது எதுவாக மாறியிருக்கும் என்று கிட் ஊகிக்கிறது. முகஜாடையைப் பார்த்து ‘நீ இன்னார் மகன்தானே’ என்று கேட்கிற ஊர்ப் பெரியவர் மாதிரி. பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார், அதுதான் ஆபத்தும்கூட, ஏனென்றால் தப்பாகச் சொல்கிற அன்றைக்கு நாம் கவனிக்க மாட்டோம்.

அந்த ஜாடைக்கு ஒரு எல்லை உண்டு, 50 சதவீதம். கணக்கு எப்படி என்றால், இரண்டு ஃபைலுக்கும் பொதுவான பகுதி எத்தனை பைட் என்று பார்த்து, அதை இரண்டில் பெரிய ஃபைலின் அளவால் வகுக்கிறது. பெரிய ஃபைலால் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடி விழுகிற இடம் அதுதான். ஒரு ஃபைல் 1000 பைட் என்று வைத்துக்கொள்வோம். நகர்த்தும்போது பேக்கேஜ் வரி மாறுகிறது, இம்போர்ட் வரிகள் மாறுகின்றன, கிளாஸ் பெயர் மாறுகிறது, இதில் 300 போய்விட்டால் பழையதில் மிச்சம் 700. இதோடு விட்டால் பிழைக்கும். ஆனால் நகர்த்துகிற கையோடு நாலு மெத்தடுக்கு விளக்கம் எழுதி, ஒரு சரிபார்ப்பையும் சேர்த்து ஃபைல் 1500 பைட் ஆகிவிட்டால்? 700-ஐ 1500-ஆல் வகுத்தால் 47-ஐக்கூடத் தொடாது. பழையதில் பெரும்பங்கு அப்படியே இருந்தும், கிட்டின் கண்ணில் ஒரு ஃபைல் செத்துவிட்டது, சம்பந்தமில்லாத வேறொன்று பிறந்திருக்கிறது. பெரிய ஃபைல்களுக்கு இந்தக் கண்டம் குறைவு, இம்போர்ட் மாறினாலும் உடம்பு பெரியது என்பதால் தாங்கிவிடும். சின்னச் சின்ன கிளாஸ்களாக உடைத்து அழகாக எழுதுகிறவர்களுக்குத்தான் தண்டனை.

எங்களுக்கு நடந்தது கழிவு கணக்கிடும் கிளாஸில். சின்ன ஃபைல், ‘யூட்டில்ஸ்’ என்கிற குப்பைத்தொட்டியில் கிடந்தது. ரீஃபாக்டரிங் பிராஞ்ச்சில் அது கொள்முதல் பேக்கேஜுக்குப் போய், பெயரும் மாறி, உள்ளேயும் திருத்தப்பட்டது. கூடலூர் தம்பி தன் பிராஞ்ச்சில் பழைய ஃபைலிலேயே மழைக்காலத்து ஈரக் கழிவை மாற்றியிருந்தான். மெர்ஜ் போட்டதும் கிட் சொன்னது ‘மாடிஃபை/டிலீட்’ கான்ஃப்ளிக்ட்: இந்த ஃபைல் உங்கள் பக்கம் அழிக்கப்பட்டிருக்கிறது, அவர் பக்கம் திருத்தப்பட்டிருக்கிறது, அவருடைய பிரதியைப் பழைய இடத்தில் விட்டு வைத்திருக்கிறேன். வரிகள் மோதினால் கிட் வழக்கமாகப் போடுகிற அம்புக்குறி கோடுகள் எதுவும் ஃபைலுக்குள் இருக்காது. புது இடத்தில் இருக்கிற ஃபைலை அது தொட்டே இருக்காது. மெர்ஜ் போட்டுக்கொண்டிருந்தவர் என்ன நினைப்பார்? ‘ஓ, இதுதான் ஏற்கெனவே நகர்த்தியாச்சே, பழையது எதற்கு’ என்று அழித்துவிட்டு கமிட் போட்டுவிடுவார். போட்டார். பில்டு பாஸ், டெஸ்ட் பாஸ். அடுத்த வாரம் அவன் போன் செய்கிறான்: “அக்கா, ஈரக் கழிவுல நான் போட்ட மாத்தமே காணோம்க்கா, நீங்க ஏதாச்சும் எடுத்தீங்களா?”

யாரும் எடுக்கவில்லை. கிட் பொய்யும் சொல்லவில்லை, கேள்வியைத்தான் அரைகுறையாகக் கேட்டது. ‘இந்தப் பழைய ஃபைலுக்கு ஓரளவு ஜாடையில் புதிதாக ஒன்று அங்கே இருக்கிறது, 47 சதவீதம் ஒத்துப்போகிறது, அதுதானா பாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. உள்ளுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறதுதானே, எல்லைக்குக் கொஞ்சம் கீழே நின்றதைச் சொல்வதில் என்ன கஷ்டம்? இதற்கே ஒரு மார்க் குறைத்தேன்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டால் வெளியே வர ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. கான்ஃப்ளிக்ட் தீராமல் இருக்கும்வரை, பழைய பாதையின் பெயரில் இண்டெக்ஸில் இரண்டு பிரதிகள் இருக்கும்: 1-ஆம் எண்ணில் இருவருக்கும் பொதுவான மூலப் பிரதி, 3-ஆம் எண்ணில் எதிர்ப்பக்கத்துத் திருத்தம். ‘கிட் ஷோ’ ஆணைக்கு முக்காற்புள்ளி, எண், முக்காற்புள்ளி, பாதை என்று கொடுத்தால் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக எடுத்துவிடலாம். அப்புறம் ‘கிட் மெர்ஜ்-ஃபைல்’ என்று ஒரு தனி ஆணை, அதற்கு மூன்று பெயர்: முதலில் புது இடத்தில் இருக்கிற உங்கள் ஃபைல், நடுவில் மூலப் பிரதி, கடைசியில் அவருடைய பிரதி. வழக்கமான மும்முனை மெர்ஜ் புது ஃபைலுக்குள்ளேயே நடந்துவிடும், மோதுகிற வரிகள் இருந்தால் அம்புக்குறியோடு நிற்கும். அதைத் தீர்த்து, பழைய பாதையை அழித்து, கமிட். ரெரெரே என்று ஒன்று இருக்கிறதே, ஒரு தடவை தீர்த்த கான்ஃப்ளிக்டை ஞாபகம் வைத்துக்கொண்டு மறுபடி தானே தீர்க்கும் என்பார்களே, அது இந்த வகைக்குக் கைகொடுக்காது. வரிகள் மோதினால்தான் அதற்கு வேலை.

எல்லையைத் தளர்த்தவும் முடியும். மெர்ஜ் ஆணையில் பெரிய எக்ஸ் போட்டு ‘ஃபைண்ட்-ரீனேம்ஸ்’ 40 சதவீதம் என்று கொடுத்தால் 47 உள்ளே வந்துவிடும். ஆனால் ஜாவாவில் எல்லா ஃபைலும் தலைக்கட்டு ஒரே மாதிரி இருக்கும், லைசென்ஸ் குறிப்பு, இம்போர்ட், கெட்டர் செட்டர். ரொம்பக் கீழே இறக்கினால் யாரோ ஒருவனை யாரோ ஒருவன் மகன் என்று ஜோடி சேர்த்துவிடும், அது கான்ஃப்ளிக்டைவிட மோசம்.

இப்போது எல்லாரும் சொல்கிற அறிவுரைக்கு வருகிறேன். ‘நகர்த்துவதை ஒரு கமிட்டிலும் திருத்துவதை அடுத்த கமிட்டிலும் போடு, கிட் கண்டுபிடித்துக்கொள்ளும்.’ பாதிதான் உண்மை. மெர்ஜ் நடுவில் இருக்கிற கமிட்டுகளைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது மூன்றே இடம்: இரண்டு பிராஞ்ச்சும் பிரிந்த இடம், ஒன்றின் நுனி, மற்றதன் நுனி. நடுவில் நீங்கள் எவ்வளவு நாகரிகமாகப் பிரித்துப் போட்டிருந்தாலும் நுனிக்கு நுனி ஒப்பிடும்போது அந்த 47 அப்படியே 47தான். நகர்த்திய பிராஞ்ச்சை ரீபேஸ் செய்கிறவர்களுக்கு, அதாவது அதன் கமிட்டுகளை மற்றதன் நுனிமேல் திரும்ப அடுக்குகிறவர்களுக்கு, நிலைமை வேறு, அதில் ஒவ்வொரு கமிட்டாக எடுத்து வைப்பதால் பிரித்துப் போட்டது பலன் தரும். மெர்ஜ் போடுகிறவர்கள் மெர்ஜையும் இரண்டாகப் பிரித்தால்தான் பலன்.

அதாவது, தம்பியின் பிராஞ்ச்சுக்குள் ரீஃபாக்டரிங் பிராஞ்ச்சின் நுனியை இழுக்காமல், முதலில் அந்த ‘வெறுமனே நகர்த்திய’ கமிட்டை மட்டும் மெர்ஜ் போட வேண்டும். அந்தக் கமிட்டில் உள்ளடக்கம் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றால் பழைய ஃபைலுக்கும் புதிய ஃபைலுக்கும் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றே, ஜாடை பார்க்கவே தேவையில்லை, நூற்றுக்கு நூறு. அவன் திருத்தங்கள் சமர்த்தாகப் புது இடத்துக்குப் போய்விடும். இப்போது இரண்டு பிராஞ்ச்சுக்கும் பொதுவான இடமே அந்த நகர்த்திய கமிட்தான். அடுத்து நுனியை மெர்ஜ் போட்டால் இரண்டு பக்கமும் ஃபைல் ஒரே பாதையில் இருக்கிறது, எவ்வளவு மாறியிருந்தாலும் ரீனேம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சாதாரண வரி மோதல்தான். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு எங்களுக்கு மாடிஃபை/டிலீட் வந்ததே ரொம்ப அபூர்வம்.

ஆனால் நிபந்தனை இருக்கிறது. நகர்த்தும்போது ஐடிஇ-யிடம் (புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரிடம்) ‘ஆப்டிமைஸ் இம்போர்ட்ஸ்’, ‘ரீஃபார்மட்’ என்றெல்லாம் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம், புல் ரிக்வெஸ்ட்டை (மெயினில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றங்களை) ஸ்குவாஷ் செய்து மெர்ஜ் போடுகிற வழக்கம் இருந்தால் கதை கந்தல், நீங்கள் பிரித்துப் போட்ட இரண்டு கமிட்டும் ஒன்றாகக் கசங்கி, மெயினில் அந்தத் தனிக் கமிட்டே இல்லாமல் போய்விடும். எங்கள் டீமில் நகர்த்தல் வேலைக்கு மட்டும் தனி புல் ரிக்வெஸ்ட், அதில் ஸ்குவாஷ் கிடையாது என்று பேசி வைத்திருக்கிறோம். இன்னொரு செலவும் உண்டு, வெறுமனே நகர்த்திய கமிட்டில் பில்டு உடைந்து கிடக்கலாம், பின்னாளில் பைசெக்ட் ஓட்டி, வரலாற்றைப் பாதி பாதியாகக் குறைத்து பக் தேடுகிறவர் அந்தக் கமிட்டில் வந்து நின்று திட்டுவார். திட்டட்டும். அதற்கு ‘ஸ்கிப்’ இருக்கிறது.

ஃபோல்டரையே மொத்தமாக நகர்த்தும் விஷயத்தில் கிட்டைப் பாராட்ட வேண்டும். 2018-இல் வந்த 2.18 வெர்ஷனிலிருந்து, நீங்கள் ஒரு ஃபோல்டரின் ஃபைல்களை எல்லாம் வேறிடம் மாற்றி, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் பழைய ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் சேர்த்திருந்தால், ‘அந்த வீடே காலியாச்சு, இதுவும் அங்கே போகணும்போல’ என்று அதுவாகப் புரிந்துகொள்ளும். இயல்பு அமைப்பில் புது இடத்தில் வைத்துவிட்டு, கான்ஃப்ளிக்ட் என்று குறித்து உங்கள் சம்மதம் கேட்கும். ‘மெர்ஜ்.டைரக்டரிரீனேம்ஸ்’ என்கிற அமைப்பை ட்ரூ ஆக்கினால் கேட்காமலே செய்யும். நான் கேட்கும்படியே விட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஃபைலைப் பழைய ஃபோல்டரில் மிச்சம் வைத்தாலும் இது வேலை செய்யாது என்பதை மட்டும் கவனிக்கவும், ஃபோல்டர் முழுக்கக் காலியாகியிருக்க வேண்டும். ‘இதை மட்டும் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஒன்றை விட்டு வைத்தீர்களானால், எதிர்ப்பக்கத்துப் புது ஃபைல்கள் சத்தமே இல்லாமல் அந்தப் பாழடைந்த ஃபோல்டரிலேயே குடியேறிவிடும்.

ஒரு ஃபைலை இரண்டாகப் பிரிப்பதற்கு மெர்ஜ் உதவவே உதவாது, அதைச் சொல்லியாக வேண்டும். ரிப்போர்ட் கிளாஸ் பெருத்துவிட்டது என்று பாதி மெத்தடுகளை வேறு ஃபைலுக்கு எடுத்துப் போகிறோம், பழைய ஃபைல் அங்கேயே இருக்கிறது, எனவே அது ரீனேம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அந்த மெத்தடைத் திருத்தியிருந்தால் பழைய ஃபைலில் கான்ஃப்ளிக்ட் வரும், புதிய ஃபைலுக்கு நீங்கள்தான் கையால் கொண்டுபோக வேண்டும். இதில் எனக்கு ஒரு மனக்குறை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதும்போதே, ஃபைல் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வது வீண், நிஜத்தில் நகர்வது ஃபைல் இல்லை, ஃபைல்களுக்கிடையே புரோகிராம் வரிகள்தான் நகர்கின்றன, உள்ளடக்கத்தைப் பார்த்தால் அதையும் பின்தொடரலாம் என்றுதான் வாதாடினார். நல்ல வாதம். ‘கிட் பிளேம்’ ஆணையில் பெரிய சி போட்டால் அந்த வாதம் பலித்திருப்பதைப் பார்க்கலாம், வேறு ஃபைலிலிருந்து வந்த வரிக்கும் உண்மையில் எழுதினவர் யார் என்று சொல்லும். மெர்ஜில் மட்டும் இன்னும் முழு ஃபைல் ரீனேமோடு நின்றுவிட்டது. வாக்கு கொடுத்ததில் பாதி பாக்கி, அதற்குத்தான் மீதி அரை மார்க்.

கிட் மாதிரியே இன்னொரு கருவியான மெர்குரியல் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் 2005-இல் பிறந்ததுதான், அது நகர்த்தலைக் கமிட்டோடு பதிவு செய்துவைக்கும், எனவே எவ்வளவு திருத்தினாலும் மெர்ஜில் வழி தவறாது. ஆனால் நகர்த்தினதை அதனிடம் சொல்ல வேண்டும், ஐடிஇ-யோ ஃபைல் மேனேஜரோ சொல்லாமல் நகர்த்தினால் பின்னாலேயே போய் ‘ரீனேம் ஆஃப்டர்’ என்று பதிய வேண்டும். சொல்ல மறக்காத மனிதர்கள் இருக்கிற ஊருக்கு நல்ல கருவி.

மெர்ஜ் சுத்தமாக முடிந்தாலும் உடனே புஷ் பண்ணி சர்வருக்கு அனுப்பிவிடாதீர்கள். தம்பியின் புது ஃபைல் ஒன்று பழைய பேக்கேஜை இம்போர்ட் செய்திருக்கும், வரி மோதல் இல்லாததால் கிட் வாயைத் திறக்காது. ஜாவாவில் கம்பைலர் பிடித்துவிடும். பைத்தானில் அந்த வரி ஓடுகிற அன்றைக்குத்தான் தெரியும், பைத்தான்காரர்கள் டெஸ்டை நம்புங்கள். அவர்களுக்கு இன்னொன்று: காலி ஃபைல்களை மெர்ஜ் ரீனேமாக எடுத்துக்கொள்ளாது, எல்லாக் காலி ஃபைலும் ஒன்றுக்கொன்று நூறு சதவீத ஜாடைதானே, அது நியாயம்தான்.

கடைசியாக வெர்ஷன். எங்களில் ஒருவர் மெஷினில் உபுண்டு 20.04, அதில் கிட் 2.25. என்னுடையது 22.04, அதில் 2.34. வித்தியாசம் சின்னது இல்லை: 2021 நவம்பரில் வந்த 2.34-இல்தான் எலைஜா நியூரன் புதிதாக எழுதிய ‘ஓஆர்டி’ மெர்ஜ் முறை இயல்பானது, நகர்த்தின ஃபைல் நிறைய இருந்தால் பழைய ‘ரிகர்சிவ்’ முறையைவிட வேகம் நன்றாகவே தெரியும். அதே வருடம் மெர்ஜின் ரீனேம் வரம்பையும் 1000-லிருந்து 7000-ஆக உயர்த்தினார்கள். வரம்பு தாண்டினால் கிட் ஜாடை பார்க்கும் வேலையையே விட்டுவிட்டு, ‘நிறைய ஃபைல் இருந்ததால் ரீனேம் தேடலைத் தவிர்த்தேன்’ என்று ஒரு எச்சரிக்கை வரி போடும், அது கான்ஃப்ளிக்ட் பட்டியலோடு கலந்து ஸ்க்ரீனில் மேலே ஓடிவிடும். அந்த வரியைப் பார்த்தால் மெர்ஜைக் கலைத்துவிட்டு, ‘மெர்ஜ்.ரீனேம்லிமிட்’ அமைப்பை அது சொல்கிற எண்ணுக்கு உயர்த்தி மறுபடி போடுங்கள், கான்ஃப்ளிக்டை ஒவ்வொன்றாகத் தீர்க்க உட்கார வேண்டாம். உள்ளடக்கம் மாறாமல் நகர்ந்த ஃபைலுக்கு இந்த வரம்பு பொருந்தாது, முன்னே சொன்ன ‘வெறுமனே நகர்த்தும் கமிட்’ பழைய மெஷினிலும் ஓடுகிறது அதனால்தான். 20.04 வைத்திருப்பவர்கள் கிட்டை மட்டுமாவது புதுப்பித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் டவுன்லோடு பண்ணி வைத்துவிடுவது நல்லது.